இரண்டு முஷ்டி உயரத்தில் ஒரு வெளிச்சம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மூத்த மைத்துனன் எழுதுவது. இங்கே நான் சுகம், என் கண்கள் இரண்டும் பரம சுகம். அங்கே நீங்களும் என் தங்கச்சியும் உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையும் அமோகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் போனில், "மச்சான், உங்களுக்குக் கண்ணுல புரை முத்திடுச்சு" என்று என்னைப் பார்க்காமலே சொன்னீர்களே, அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்ளும்படி கேட்கத்தான் இந்தக் கடிதம்.

மூன்று வாரத்துக்கு முன்னால், சாயங்காலம் ஏழே முக்கால் மணிக்கு, மொட்டை மாடியில், காய்ந்த போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, துணி எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்த்த பேக்கரியின் புகைபோக்கிக்கு மேலே பளிச்சென்று ஒரு வெள்ளை வெளிச்சம். நான் நின்றால் அதுவும் நின்றது, நகர்ந்தால் கூடவே நகர்ந்தது, அரை மணி நேரம் கழித்துச் சட்டென்று அணைந்தது. முப்பத்தோரு வருஷம் ரயில் எஞ்சின் ஓட்டியவன், எத்தனையோ வெளிச்சம் பார்த்தவன், இது அந்த ரகத்தில் சேராதது, பறக்கும் தட்டேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும். கீழே இறங்கி மகளிடம் சொன்னேன், மகள் தெருவுக்குச் சொன்னாள், மறுநாள் பால் வாங்கப் போனால் என் பேர் தட்டு மாமா. அதோடு போச்சா? "வானத்துல எது என்னன்னு தெரியாதவர் ரோட்டுல சிக்னலை எப்படிப்பா பாப்பீங்க?" என்று ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ரயிலையே ஓட்டினவன் மாப்பிள்ளை, காய்கறி வாங்க நடந்து போய்க்கிட்டிருக்கேன்.

வீம்புக்குக் காவல் நிலையத்துக்குப் போன் போட்டேன். அவர்கள் சிரித்து முடித்துவிட்டு வானாய்வு நிலையத்து நம்பரைக் கொடுத்தார்கள். அங்கே இந்த மாதிரிப் புகார்களை விசாரிப்பதற்கென்றே ஒரு வானியல் அம்மா இருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் பிடித்து வந்தே விட்டார். ஐம்பது வயதிருக்கும், தோளில் கான்வாஸ் பை, காலில் தேய்ந்த செருப்பு. நான் தட்டைப் பற்றி ஆரம்பித்ததும், "அது என்னன்னு அப்புறம் பாக்கலாம் சார், எங்கே இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அன்றைக்கு நின்ற இடத்திலேயே நிற்கவைத்து, அன்றைக்குப் போலவே தோளில் போர்வையைப் போட்டு, "கையை நீட்டி முஷ்டி பிடிங்க, அடிவானத்துலேர்ந்து எத்தனை முஷ்டி உசரம்?" என்று கேட்டார். ஒரு முஷ்டி பத்து டிகிரியாம். நம் கையிலேயே அளவுகோல் இருப்பது இத்தனை வயதுக்கு எனக்குத் தெரியாமல் போச்சு. நான் எதிர் மாடியைப் பார்த்து முஷ்டியை நீட்ட, சரிபார்க்க அந்த அம்மாவும் நீட்ட, பேக்கரி மாடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த பல் டாக்டர், யாரோ இரண்டு பேர் தன்னைக் குத்த வருகிறார்கள் என்று நினைத்து, வாய் நுரையோடு சண்டைக்கு வந்துவிட்டார். அந்த அம்மா பதறவே இல்லை. "நல்ல சமயத்துல வந்தீங்க டாக்டர், நீங்களும் ஒரு முஷ்டி நீட்டுங்க" என்று அவரையும் அந்தப் புகைபோக்கி உயரத்தை அளக்கவைத்து, அதையும் எழுதிக்கொண்டார். சண்டைக்கு வந்த மனுஷன், "எனக்கு ரெண்டே கால் வருது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

என்னைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லையா என்று கேட்டே விட்டேன். "அறுநூறு பேருக்கு மேல விசாரிச்சிருக்கேன் சார். பொய் சொன்னவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். எல்லாரும் எதையோ பாத்திருக்காங்க. என்னன்னு கண்டுபிடிக்கிறது என் வேலை, தெரியலைன்னா தெரியலைன்னு எழுதறதும் என் வேலை. மேலே இருக்கற அதிகாரிங்களுக்குத்தான் அந்த வார்த்தை பிடிக்காது" என்றார். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு மாப்பிள்ளை. மூணு வாரத்துல நான் சொன்னதை முழுசாக் கேட்ட ஒரே ஆள் அவங்கதான்.

அப்புறம் எந்தக் கிரகம் எந்த நாளில் எங்கே என்று கட்டம் கட்டமாக எண்கள் போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து விரலை ஓட்டி, "வெள்ளி கிரகம்" என்றார். அதே திசை, அதே இரண்டு முஷ்டி உயரம். தூரத்தில் இருப்பது எதுவும் நம்மோடு நகர்கிற மாதிரிதான் தெரியுமாம், மேகம் வந்து மறைத்ததால் அணைந்திருக்குமாம். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் அவர் என் மகளைக் கூப்பிட்டு, "உங்க அப்பா சொன்ன உசரம் துளி கூடப் பிசகலை. இவ்வளவு சுத்தமான கண் வயசுப் பசங்களுக்கே இல்லைம்மா" என்றார். மகள் கைப்பையைத் திறந்து சாவியை என் கையில் வைத்தாள். ஆகவே மாப்பிள்ளை, தட்டு இல்லை, வெள்ளிதான் என்று நான் ஒப்புக்கொண்டு தெருவுக்கும் சொல்லிவிட்டேன். பதிலுக்கு, புரை இல்லை என்று நீங்கள் ஒப்புக்கொண்டு, கண் டாக்டரிடம் எனக்காக வாங்கி வைத்திருக்கும் திங்கட்கிழமை நேரத்தை ரத்து செய்துவிடுங்கள்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். என் கண்ணைத் தவிர ஊரில் உள்ள மற்றக் கண்களால் உங்கள் வியாபாரம் பெருகட்டும்.

இப்படிக்கு,
தெளிவான பார்வையுடன்,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் அந்த அம்மாவிடமிருந்து கார்டு வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "ஐயா, திரும்பும் வழியில் சந்தேகம் வந்து மறுபடி பார்த்தேன். அதற்கு முந்தின மாதத்து வரிசையில் விரல் வைத்துவிட்டேன். நீங்கள் சொன்ன அன்று வெள்ளி ஏழு மணிக்கே மறைந்துவிட்டது. விமானம், பலூன் எல்லாம் விசாரித்தேன், எதுவும் பொருந்தவில்லை. நீங்கள் பார்த்தது என்னவென்று எனக்குத் தெரியவில்லை, அப்படியே பதிவு செய்திருக்கிறேன். தவறு என்னுடையது. மன்னிக்கவும்." கார்டை முதலில் படித்தது என் மகள். "இல்லாத வெள்ளியையா பாத்தீங்க?" என்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமையை ரத்து செய்ய வேண்டாம், எப்படியும் இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். தெருவில் இனி என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. ஆனால் என் சர்வீஸ் முழுக்க எந்த அதிகாரியும் தவறு தன்னுடையது என்று எனக்கு எழுதினதில்லை மாப்பிள்ளை. அந்தக் கார்டை இதுவரை பதினோரு தடவை படித்துவிட்டேன், கண்ணாடி போடாமலே.