பப்பாவுக்கு ஒரு வார்த்தை

பிரான்சிலிருந்து வீடியோ அழைப்பு வர இன்னும் கால் மணி நேரம்கூட இல்லை. ஐந்து வயது ரோழே உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஜெயப்ரியா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையன் தாமதமாகத்தான் பேசத் தொடங்கினான். காரைக்கால் தருமபுரத்தில் அவள் புதிதாகத் திறந்த மையத்துக்கு வந்த பிறகு 'தண்ணி', 'வா', 'போ' எல்லாம் நன்றாகவே வந்தன. அந்த நம்பிக்கையில், பிரான்சில் வேலை பார்க்கும் அவன் அப்பா புரூனோ அம்மாவையும் பிள்ளையையும் அங்கே அழைத்துக்கொள்ள டிக்கெட் போட்டார், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். பிள்ளை பேசினால்தான் பயணம், இல்லாவிட்டால் பயிற்சி முடியும்வரை காரைக்காலிலேயே இருக்கட்டும் என்றார். அந்த நேரம் பார்த்துப் பையன் வாயை மூடிக்கொண்டான். குழந்தைகளுக்கு நேரங்காலம் தெரிகிறதா என்ன?

"மிஸ், கல்யாணம் ஆனதுலேர்ந்து அவர்கூட நான் இருந்ததே லீவு நாள்லதாங்க," என்றாள் அம்மா ஆலிசியா. "இன்னைக்கு இவன் ஒரு வார்த்தையாவது பேசிடணும்."

ஜெயப்ரியா பொம்மை விமானத்தைக் காட்டி, பேசினால் இதில் பறக்கலாம் என்றாள். ரோழே மேசைக்கு அடியில் நுழைந்தான். கைப்பேசியில் பனி கொட்டும் தெருவைக் காட்டினாள். அவன் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டான். உதவிக்கு வந்த ஆலிசியா, அங்கே புதுப் பள்ளிக்கூடம் காத்திருக்கிறது என்று ஆசை காட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். குழந்தையை அவசரப்படுத்தக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கும் ஜெயப்ரியா, கையை விலக்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

அழைப்பு வந்தது.

"ரோழே, பப்பான்னு ஒரு தடவ சொல்லுப்பா," என்றார் புரூனோ.

ஜெயப்ரியா சோப்புக் குமிழி ஊதினாள், ஆலிசியா தாஜா செய்தாள். ரோழே மேசைக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளி உட்கார்ந்தான்.

புரூனோ பெருமூச்சு விட்டார். "சரிங்க மேடம். டிக்கெட்ட கேன்சல் பண்ணிடறேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

ஆலிசியா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுக்கப் போனாள். அவள் முகத்தைப் பார்க்கவே ஜெயப்ரியாவுக்கு வெட்கமாக இருந்தது. வேறு வேலைக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

ரோழே மேசையடியிலிருந்து வெளியே வந்தான். வாசலை எட்டிப் பார்த்துவிட்டு அவள் துப்பட்டாவை இழுத்தான்.

"மிஸ், கேன்சல் பண்ணுன டிக்கெட்ட திரும்பக் குடுத்துட மாட்டாங்கல்ல?"