‘வரேன்’ என்று சொன்னவர்களின் நாடு

வரைபடம் வரைகிறவர் டீ குடிக்க எழுந்துபோன நேரத்தில் விட்டுப்போன நாடுகளில் நயம்பாடியும் ஒன்று. அதனால்தான் உங்கள் பள்ளிக்கூடத்துப் புவியியல் புத்தகத்தில் அது இல்லை. மற்றபடி அங்கேயும் வெயில் அடிக்கும், மழை பெய்யும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வரும். மக்கள் மரியாதை தெரிந்தவர்கள். அந்த மரியாதையால் அவர்கள் பட்ட பாடுதான் இந்தக் கதை.

நயம்பாடியின் தலைநகரில் செண்பகவடிவு பஜ்ஜிக்கடை வைத்திருந்தாள். வாழைக்காய், வெங்காயம், மிளகாய் என்று மூன்றே வகை. நாலாவது வகை கேட்டு வருகிறவர்களை, அதை வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவாள். அப்படியும் கூட்டம் குறைந்ததில்லை. ஒரு சித்திரையில் கடைக்கு நேர் எதிரே சாலையில் பள்ளம் விழுந்தது. முதலில் தோசைக்கல் அளவுதான் இருந்தது. வாடிக்கைக்காரர்கள் தாண்டி வந்தார்கள். ஆனியில் அதற்குள் ஒரு கன்றுக்குட்டி விழுந்தது. மறுநாள் அதைத் தேடி வந்த பசுவும் விழுந்தது. வாடிக்கைக்காரர்கள் எதிர்ப்பக்கம் நின்று பஜ்ஜி வாசனையை மட்டும் பிடித்துவிட்டுப் போனார்கள். கடையின் முன்சுவர் பள்ளத்தைப் பார்த்துச் சாய ஆரம்பித்தது. ஐப்பசி மழைக்குள் பள்ளத்தை மூடாவிட்டால் சுவர் விழும், சுவரோடு கடையும் போகும். அந்தக் கடையை விட்டால் செண்பகவடிவுக்கு வேறு பிழைப்பு தெரியாது.

எனவே அவள் கேட்புத்துறைக்குக் கிளம்பினாள்.

கேட்புத்துறை என்பது மக்கள் குறைகளைக் கேட்பதற்கென்றே இருந்த அலுவலகம். முன்பு அங்கே ஆறு குமாஸ்தாக்கள் உட்கார்ந்து எதையும் கேட்காமல் இருந்தார்கள். மூன்று தேர்தல்களில் தொடர்ந்து வென்ற மகாபரிபாலகர் அருள்வேந்தன் இதைக் கண்டு மனம் வருந்தி, ஆறு பேரையும் அனுப்பிவிட்டுக் கடல் கடந்து ஒரு கருவியை வாங்கிவந்தார். முறம் அகலத்துக்குப் பித்தளைக் காது, அதற்குக் கீழே துண்டுச்சீட்டு தள்ளும் ஒரு வாய். அதற்குக் ‘கேட்பான்’ என்று பெயர் சூட்டினார்கள். ‘உங்கள் குறைகளே எங்கள் உயிர்’ என்று அதன் நெற்றியில் பொறித்திருந்தது. அது எவ்வளவு உண்மை என்பது பொறித்தவருக்கே தெரிந்திருக்காது.

செண்பகவடிவு பள்ளத்தின் கதையை முழுசாகச் சொன்னாள். கேட்பான் குறுக்கே பேசவில்லை, கொட்டாவி விடவில்லை. “வேறு ஏதேனும் உண்டா?” என்று தேன் குரலில் கேட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைக் கல்யாணம் செய்த மனிதர்கூட ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. நெகிழ்ந்துபோய், நல்ல வளர்ப்புள்ள யாரும் சொல்வதைப் போல, “சரிப்பா, வரேன்” என்று சொல்லி எழுந்தாள். உடனே ஒரு சீட்டு வந்து விழுந்தது. ‘மனு ஏற்கப்பட்டது. நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. தவறாமல் வரவும்.’

மறுநாளும் போனாள். அதே காது, அதே கேள்வி, அதே சீட்டு. அப்படியே ஆடி முடிந்து ஆவணி வந்துவிட்டது.

அங்கே அவளுக்கு மட்டும் அந்தக் கதி இல்லை. ஊரில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். கூட்டம் வாசல் தாண்டித் தெருவுக்கு வந்ததும் அருள்வேந்தன் முதல் ஆணையைப் போட்டார்: காத்திருக்கும் மக்களுக்குப் பொழுது போக வேண்டும். பெரிய மண்டபம் எழும்பியது. காலையில் பாட்டு, மதியம் பொய்க்கால் குதிரை, சாயங்காலம் நாடகம். ஆடவும் பாடவும் இவ்வளவு பேருக்கு எங்கே போவது? சாலை போடுகிறவர்களையும் விளக்கு ஏற்றுகிறவர்களையும் குழாய் பழுது பார்க்கிறவர்களையும் கொண்டுவந்து வேஷம் கட்டிவிட்டார்கள். தார் கிளறிய கைகள் அட்டைக் கதாயுதம் சுழற்றின. இதனால் மனுக்கள் கூடின. மனுக்கள் கூடியதால் மண்டபத்தை இன்னும் பெரிதாக்கினார்கள்.

இரண்டாவது ஆணை, ஆடல் பாடல் பற்றி மக்கள் கட்டாயம் கருத்துச் சொல்ல வேண்டும் என்றது. இதில் சனங்கள் சொக்கிப்போனார்கள். தன் தெருவில் விளக்கு எரியவில்லை என்று இரண்டு வருஷமாக வந்துகொண்டிருந்த மச்சக்காளை என்பவர், விளக்கை மறந்து பெரிய விமர்சகராகிவிட்டார். அவர் தலையாட்டினால்தான் அடுத்தவர் கைதட்டுவார். முந்தாநாள் அரக்கனே நல்ல அரக்கன் என்று ஒரு கட்சி, நேற்றைய அரக்கன்தான் அரக்கன் என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியும் வீட்டுக்குப் போகும்போது இருட்டில் தடுக்கி விழும். இந்த விஷயத்தில் நயம்பாடிக்காரர்களை நான் ரொம்பவும் குறை சொல்ல மாட்டேன். அரக்கன் வேஷம் நிஜமாகவே நன்றாக இருந்தது என்றுதான் சொல்கிறார்கள்.

ஆவணி கடைசியில் அரசு ஓர் அறிக்கை வெளியிட்டது. தினம் நாலாயிரம் பேர் தாமாகவே வந்து அரசைப் பார்த்துப் போகிறார்கள். இவ்வளவு அன்பு உலகில் எந்த அரசுக்கும் வாய்த்ததில்லை. அரசின் பக்கம் நிலுவை ஒன்றுகூட இல்லை. எல்லா ஒத்திவைப்பும் மக்கள் விரும்பிக் கேட்டதே.

அந்தக் கடைசி வரி செண்பகவடிவுக்குச் சுருக்கென்று தைத்தது. சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு கேட்புத்துறைத் தலைவர் சாந்தலிங்கத்தின் அறைக்கு நேரே போய்விட்டாள். அவர் சட்டைப் பையில் மூன்று பேனா செருகியிருப்பவர்; எழுதியதை யாரும் பார்த்ததில்லை.

“நான் எப்பய்யா தள்ளிவைக்கச் சொன்னேன்?” என்றாள்.

“அம்மணி, புறப்படும்போது தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

“வரேன்னு சொல்லுவேன்.”

“வருகிறேன் என்று ஒருவர் வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் வருவதற்குள் அவருடைய மனுவை முடித்துவைப்பது அவமரியாதை அல்லவா?”

அவளுக்குத் தலை சுற்றியது. கேட்பானைச் செய்தவர்கள் ஊரில் போவது என்றால் போவது, வருவது என்றால் வருவது. கிளம்புகிறவன் வரேன் என்று சொல்லிக் கிளம்பும் ஊர் ஒன்று இருக்கும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? கேட்பானுக்கு நம் ஊர்ச் சொற்களின் அகராதி தயாரித்துக் கொடுத்த கேட்புத்துறையும் ‘வரேன்’ என்பதற்கு எதிரே, ‘மனுதாரர் மீண்டும் வர விரும்புகிறார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டது.

அப்படியென்றால் என்ன சொன்னால் வேலை நடக்கும் என்று கேட்டாள். சாந்தலிங்கம் கதவைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார். முதல்முறையாக ஒரு பேனாவை உருவி, ஒரு தாளில் ஒரே ஒரு சொல் எழுதி அவள் பக்கம் தள்ளினார். அவரும் நயம்பாடியில் பிறந்தவர்தானே, வாயால் சொல்ல வரவில்லை.

‘போறேன்’ என்று இருந்தது.

விதி பதினேழின்படி, போறேன் என்று சொன்னவர் திரும்பி வரமாட்டார். எனவே அவருடைய மனுவை அன்றைக்கே முடித்தாக வேண்டும். கேட்பான் வந்த பதினோரு வருஷத்தில் அந்த விதிக்கு வேலையே வரவில்லை. எப்படி வரும்? நயம்பாடியில் சாகக் கிடக்கிறவர்கள்தான் அதைச் சொல்வார்கள். இல்லையென்றால் கோபித்துக்கொண்டு ஒரேயடியாக வீட்டைவிட்டுப் போகிறவர்கள் சொல்வார்கள். தெரியாமல் சொன்ன பிள்ளைகள் வாயிலேயே அடி வாங்கும்.

விஷயத்தைக் கேட்ட மச்சக்காளை பதறிவிட்டார். “வேணாந்தாயி. பள்ளம் இன்னிக்கில்லாட்டி என்னிக்காச்சும் மூடும். வாயில அந்தச் சொல்லு வந்துச்சுன்னா ஆளே போயிரும்,” என்றார்.

அவளுக்கும் பயம்தான். வீட்டுக்குப் போய் மாவைக் கரைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு ஒருவர்கூட பள்ளம் தாண்டி வரவில்லை. மாவு புளித்தது. சுவரில் ஒரு விரல் நுழைகிற விரிசல் கண்டிருந்தது. விரலை உள்ளே விட்டு எடுத்தாள், வெளிச்சம் தெரிந்தது. அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

மறுநாள் காலை கேட்பான் முன்னால் நின்று பள்ளத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். மண்டபத்தில் பாட்டு நின்றுவிட்டது. எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

“நான் போறேன்,” என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொருமுறை சொன்னாள். “போறேன்ப்பா. இனிமே வரமாட்டேன்.”

கேட்பான் உறுமியது. அதற்குள் ஒரு மணி இருந்தது என்பதே அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அது விடாமல் அடித்தது. விதியின்படி அன்றைக்கே வேலை முடிய வேண்டுமே. வேஷம் கலைக்க நேரமில்லாமல் ஏழு அரக்கர்களும் ஒரு பொய்க்கால் குதிரையும் கடப்பாரை, மண்வெட்டியோடு பஜ்ஜிக்கடையைப் பார்த்து ஓடினார்கள். மதியத்துக்குள் பள்ளம் மூடியாயிற்று. சாய்ந்த சுவருக்கு முட்டுக்கொடுத்து நிமிர்த்தினார்கள். கடைசியில் பொய்க்கால் குதிரை மேலே ஏறி மிதித்து மண்ணைக் கெட்டிப்படுத்தியது. செண்பகவடிவு அத்தனை பேருக்கும் பஜ்ஜி போட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் அவள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க ஊரே வந்தது. இருந்தாள். வந்தவர்கள் சும்மா திரும்பக் கூச்சப்பட்டு ஆளுக்கு இரண்டு பஜ்ஜி தின்றார்கள். மூன்றாம் நாளும் உயிரோடு இருந்தாள். அதன் பிறகு ஊருக்குத் தைரியம் வந்துவிட்டது. ஒருவர் பின் ஒருவராகப் போறேன், போறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. சாக்கடை ஓடியது. மண்டபம் காலியாயிற்று. மச்சக்காளை மட்டும் நல்ல நாள் பார்த்துச் சொல்லலாம் என்று ஒருவாரம் தள்ளிப்போட்டார்.

அந்த ஒருவாரத்தில்தான் மூன்றாவது ஆணை வந்தது. வருகையாளர் எண்ணிக்கை நாலாயிரத்திலிருந்து பதினொன்றுக்கு இறங்கியதைப் பார்த்து அருள்வேந்தன் அதிர்ந்துவிட்டார். மக்களின் அன்பு ஒரே வாரத்தில் இப்படி வற்றலாமா? பண்பாட்டுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. முன்னோர் வகுத்த மரபுக்கு மாறான, அபசகுனமான ‘போறேன்’ என்னும் சொல்லை அரசு வளாகங்களில் யாரும் உச்சரிக்கக் கூடாது. மச்சக்காளை நாள் பார்த்துக் குளித்து, புதுத் துண்டு போட்டுக்கொண்டு போனபோது வாசலிலேயே தடுத்து, மண்டபத்தில் உட்கார்த்தி, நாடகம் எப்படி என்று கேட்டார்கள். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக, நாடகம் நன்றாக இல்லை என்றார்.

அடுத்த மாதமே தேர்தல். அங்கே வாக்குப்பதிவும் கேட்பான் மூலம்தான். அருள்வேந்தன் படம் மாட்டிய சின்ன அறைக்குள் ஒவ்வொருவராகப் போக வேண்டும். இவர் தொடரலாமா என்று கேட்பான் கேட்கும். வேண்டும் என்றால் ‘வாங்க’, வேண்டாம் என்றால் ‘போங்க’. கடைசியாகக் காதில் விழும் சொல்லே வாக்கு. கேட்பான் வந்த பிறகு நடந்த இரண்டு தேர்தலிலும் அவரை அனுப்பிவிட நினைத்த லட்சோபலட்சம் பேர், கைகூப்பி நிற்கும் பெரியவர் முகத்தைப் பார்த்ததும் மரியாதை தடுக்க, “போயிட்டு வாங்க” என்று சொல்லித் திரும்பினார்கள். கேட்பானும் ‘வாங்க’ என்று பதிந்துகொண்டது.

‘போங்க’ என்பதையும் தடை செய்துவிடலாமா என்று சாந்தலிங்கம் கேட்டாராம். அருள்வேந்தன் சிரித்துவிட்டு, “அதற்கு அவசியமே இல்லை. நம் மக்களின் வளர்ப்பு அப்படி,” என்றாராம்.

செண்பகவடிவு அறைக்குள் போனாள். படத்திலிருந்தவர் கைகூப்பிக்கொண்டிருந்தார். வயசான மனுஷன், பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. “போயிட்டு…” என்று நாக்கு தன்பாட்டில் ஆரம்பித்துவிட்டது. பித்தளைக் காது காத்திருந்தது. இன்னும் ஒரு சொல் பாக்கி. அது என்ன சொல் என்று நாக்குக்கும் தெரியும், காதுக்கும் தெரியும். சட்டென்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மச்சக்காளையின் தெரு இன்னும் இருட்டாகக் கிடப்பதை நினைத்தாள்.

“போங்க,” என்றாள்.

வெளியே வந்தபோது வரிசையில் நின்றவர்கள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். உள்ளே எந்தச் சொல்லைச் சொன்னாள் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. அடுத்துப் போன மச்சக்காளை சொன்னது வெளித்தெரு வரை கேட்டதாம்.

முடிவு வந்தது. அருள்வேந்தன் மாளிகையைக் காலி செய்தார். வாசலில் கூடியிருந்தவர்களைப் பார்த்துப் பழக்கத்தில், “வரேன்,” என்றார். மாளிகை வாசலிலும் ஒரு கேட்பான் வைத்திருந்தார்கள்; அது ஒரு சீட்டைத் தள்ளியது. ‘நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. தவறாமல் வரவும்.’ அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

புதிய மகாபரிபாலகராகத் தேனமுதன் என்பவர் வந்தார். இளவயசு, சிரித்த முகம். பதவியேற்றதும் நேரே பஜ்ஜிக்கடைக்கு வந்து, தரையில் உட்கார்ந்து இரண்டு மிளகாய் பஜ்ஜி தின்றார். கண்ணில் நீர் வர வர, இந்த மாற்றத்துக்கே செண்பகவடிவுதான் காரணம் என்றார். தடையை நீக்குவது, மச்சக்காளை தெருவுக்கு விளக்கு, எல்லாவற்றையும் கவனிப்பதாகச் சொன்னார். கேட்பான் நல்ல கருவிதான், அது இருக்கட்டும் என்றும் சொன்னார். கூட்டம் கைதட்டியது. அவர் எழுந்து கைகழுவி, வண்டிக் கதவைத் திறந்தார்.

“அப்ப வரேன்க்கா.”

செண்பகவடிவு சட்டியிலிருந்து அரிகரண்டியை எடுத்து எண்ணெய் வடிய ஓரமாக வைத்தாள்.

“எப்ப?” என்றாள்.

நயம்பாடி உண்டான நாளிலிருந்து வரேன் என்று சொன்ன எவரையும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. தேனமுதன் ஒரு காலை வண்டிக்குள்ளும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு நின்றார். கடைமுன் நின்ற அத்தனை பேரும் அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.