கயலின் வேலையும் என் வாழைத்தார்களும்

பழனிசெட்டிபட்டி
புதன்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் செல்லப்பாண்டி அவர்களுக்கு,

சுந்தரலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. தேவாரத்தில் நீங்களும் அக்காளும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை ஹேமாவதி சுகம், மகள் கயல் சுகம், எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. போனில் பேசினால் உங்கள் தங்கை காதில் விழும் என்பதால் இந்தக் கடிதம்.

கயலுக்குப் பதினாறு வயதாகிவிட்டதாம், இனி வேலை பழக வேண்டுமாம். அவளுடைய சிறப்புப் பள்ளி ஜெபஷீலா டீச்சர் அவளைத் தங்கப்பாண்டியனின் வாழைக்காய் மண்டியில் சேர்த்துவிட்டார். எந்தத் தார் எந்த வியாபாரிக்கோ, அந்த நிற ரிப்பனைக் காம்பில் கட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் மச்சான், அது மண்டி! லாரி பின்னால் வரும், ஆளாளுக்குக் கையில் அரிவாள். நம் பிள்ளைக்கு எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டும், யாராவது அதட்டினால் அப்படியே உட்கார்ந்துவிடும். இதைச் சொன்னால் டீச்சர், "ஒங்களுக்குப் பெறகு ஆரு சார் பாப்பாக? இப்பயே பழகட்டும்" என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமும் போய்விட்டது.

அதனால் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, தினமும் மண்டிக்குள் போய் ஒளிந்து நின்றேன். நேற்று ஒரு லாரி ரிவர்ஸில் வந்தது. கயல் பக்கம்தான் வருகிறது என்று பதறி, டிரைவரை நிறுத்தச் சொல்லித் துண்டை உருவிக் கையில் பிடித்து ஆட்டினேனா, தரகர் வீரணன் நான் விலை பேசக் கூப்பிடுகிறேன் என்று ஓடிவந்து துண்டுக்கடியில் கையை விட்டுவிட்டார். அந்த மண்டியில் வாயால் விலை சொல்வதே கிடையாது, துண்டுக்கடியில் எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் விலை. நான் பயத்தில் கிடைத்த விரலையெல்லாம் இறுக்கிப் பிடித்தேன். "பெரிய மனசுண்ணே ஒங்களுக்கு! கேரளா யாவாரிகூட இந்த வெல கேக்கல" என்று ஒரு வண்டி நேந்திரந்தாரை என் தலையில் கட்டிவிட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், எதிரே என் தார்களுக்குக் கட்டப் பச்சை ரிப்பனோடு கயல்! அப்பா என்று கூப்பிடும் என்று பார்த்தால், "ஐயா, இங்கன நிக்காதீக. லாரி வருது, ஓரமாப் போங்க" என்கிறது. மண்டியே சிரித்தது. தங்கப்பாண்டியன் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தரம் உள்ள வந்தீகன்னா, பிள்ளையவும் சேத்துக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றுவிட்டார்.

நான் உள்ளே போக முடியாத மண்டியில் அதை விட்டுவைக்க என்னால் முடியாது மச்சான். ஆகவே வெள்ளிக்கிழமை வந்து, அக்காளுக்கு மேலுக்கு முடியவில்லை என்று சொல்லி, கயலைத் தேவாரத்துக்குக் கூட்டிப் போய்விடுங்கள். மாமா சொன்னால் கேட்கும். சீக்கிரம் மண்டியை மறந்துவிடும்.

அக்காளுக்கு என் கும்பிடு. பிள்ளைகள் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உங்களையே நம்பியிருக்கும்,
சுந்தரலிங்கம்

பி.கு.: கவரை ஒட்டும்போது கயல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. "அப்பா, நீ மண்டிக்கு வராத. எனக்குப் பயமா இருக்கு" என்றது. என்னத்தா பயம் என்றேன். "நீ லாரியப் பாக்கவே மாட்டேங்குற" என்றது. அக்காளுக்கு ஒன்றும் ஆக வேண்டாம், மச்சான். வெள்ளிக்கிழமை ஒரு வண்டியோடு மட்டும் வாருங்கள், பாதித் தார் உங்களுக்கு. எல்லாக் காம்பிலும் பச்சை ரிப்பன் இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். வருகிற வழியில் மண்டியை எட்டிப் பார்த்துவிடாதீர்கள். வேலை நேரத்தில் நம்மையும் பார்த்துக்கொள்ள அவளால் முடியாது.