அப்பாவுக்கு ஆறு, எனக்கு ரெண்டு

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. வேலை ஒண்ணே ஒண்ணுதான். செம்மேடு போயி ஒரு பக்கம் பிரின்ட் எடுத்து, பிரமோஷன் விண்ணப்பத்தோட சேர்த்து கம்ப்யூட்டர்ல ஏத்தி விடணும். அஞ்சு மணி வரைக்கும் டைம்.

நான் சாமைப் பயிரை ஆராயுறவன். கொல்லிமலையில பொறந்து, கொல்லிமலையிலேயே ஆராய்ச்சி நிலையத்துல வேலை. பதினோரு வருஷமா அதே நாற்காலி.

பிரமோஷன் வேணும்னா ஹெச்-இண்டெக்ஸ் அஞ்சு இருக்கணும்னுட்டாங்க. அதாவது, நான் எழுதுன கட்டுரையில அஞ்சையாவது, ஒவ்வொண்ணும் அஞ்சு தடவைக்குக் குறையாம, மத்தவங்க மேற்கோள் காட்டியிருக்கணும். நமக்கு அதெல்லாம் தாராளமா இருக்கும்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுத்தான் கிளம்புனேன்.

அந்தக் கணக்கு வர்ற பக்கத்தைத்தான் பிரின்ட் எடுக்கணும். செம்மேடு பிரவுசிங் சென்டர்ல பேரைத் தட்டுனேன். பொ. தங்கராசு. ஹெச்-இண்டெக்ஸ்: ரெண்டு.

ரெண்டா!

கடைக்காரர் பின்னாடி நின்னு எட்டிப் பார்த்தாரு. "சார், கீழ இன்னொருத்தர் இருக்காருங்க. இவரும் கொல்லிமலைச் சாமைதான். ஆறு வெச்சிருக்காரு. உங்களைவிடப் பெரிய ஆளாட்டம் இருக்குதுங்க."

யாருடா அதுன்னு பார்த்தேன். பேரு த. பொன்னுசாமி.

எங்கப்பா!

நடந்தது இதுதான். சில ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரங்க, குடும்பப் பேரு போடாம கட்டுரையே வாங்க மாட்டேன்னுட்டாங்க. நமக்கு ஏதுங்க குடும்பப் பேரு? இனிஷியலை விரிச்சு அப்பா பேரைப் போட்டு அனுப்பிட்டேன். கம்ப்யூட்டர் என் பேரை இனிஷியலாச் சுருக்கிட்டு, அப்பாவை விஞ்ஞானி ஆக்கிடுச்சு. இத்தனை வருஷமா உலகம் மேற்கோள் காட்டுனது, மலைமேல அரியூர் நாட்டுல மரவள்ளிக்குக் களை வெட்டிட்டு இருக்குற மனுஷனை!

தலைமை ஆபீசுக்குப் போன் போட்டு அழாத குறையாச் சொன்னேன். "ரெண்டும் ஒரே ஆள்னு வி.ஏ.ஓ. கிட்ட சர்டிபிகேட் வாங்கிச் சேர்த்து அனுப்புங்க சார். கூட்டிக்கலாம்"னாங்க. ரெண்டு பேர்லயும் இருக்குற கட்டுரையை ஒண்ணாப் போட்டுக் கணக்குப் பார்த்தா ஏழு வருது. போதும் போதும்னு ஓடினேன்.

வி.ஏ.ஓ. கண்ணாடியைக் கழட்டினாரு.

"ஏனுங்க, பொன்னுசாமி உங்கப்பாதானுங்களே?"

"ஆமாங்க."

"காலைலகூட பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டு இருந்தாருங்க."

"இருந்திருப்பாருங்க."

"அப்புறம் அவரும் நீங்களும் ஒரே ஆள்னு எப்படிங்க எழுதிக் குடுக்கறது? என் வேலை போயிருமுங்க."

நியாயம்தான். பாவம், அவரே ஒரு வழியும் சொன்னாரு. அப்பா ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தா, அதுல முத்திரை வெச்சுத் தாரேன்னாரு. வாசகமும் அவரே எழுதிக் குடுத்தாரு: 'மேற்படி சாமை ஆராய்ச்சிக்கும் எனக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை.'

பைக்கை விரட்டிட்டு அரியூர் போனேன். மரவள்ளிக் காட்டுல நின்னுட்டிருந்த அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன். மம்பட்டியைக் கீழ போட்டாரு.

"சம்பந்தம் இல்லியா? நீ ஆராய்ச்சி பண்ணுன சாமை ஆரு காட்டுல வெளஞ்சுது கண்ணு?"

"நம்ம காட்டுலதானுங்கப்பா."

"வெதை?"

"நீங்க எடுத்து வெச்சதுங்கப்பா."

"உழுதது? களை எடுத்தது? பன்னி வராம காவல் கெடந்தது?"

"நீங்கதானுங்கப்பா."

"நீ என்ன பண்ணுன?"

"அளந்தேனுங்கப்பா."

சொல்லும்போதே எனக்குக் கூச்சமாப் போச்சு. நெஜமாவே நான் ஸ்கேலோட போயி, அளந்து, போட்டோ எடுத்து, மத்தியானச் சோத்தைத் தின்னுட்டு வந்தவன்தான்.

அப்பா விடலை. "புதுச் சாமையச் சாமிக்குப் படைக்காம வாயில வெக்கறதில்ல நானு. எனக்கும் சாமைக்கும் சம்பந்தம் இல்லைன்னு கையெழுத்துப் போடச் சொல்ற. சாமி குத்தமாயிரும். போ அக்கட்டால!"

மணி மூணு.

கெஞ்சுனேன். என்கூடச் சேர்ந்தவன்லாம் தனி ரூம்ல உக்காந்திருக்கான், நான் மட்டும் கதவு ஓரத்துல கெடக்கறேன்னு சொன்னேன். அதுல கொஞ்சம் எளகுனாரு. "நாஞ் சொல்றதை எழுது"ன்னாரு.

'எழுதுனது எம் பையன். வெளைய வெச்சது நான். ரெண்டு பேருஞ் சேந்துதான் பண்ணுனோம். பையனுக்குப் பாத்துப் பண்ணுங்க.'

கீழ நிதானமா, பெருசா ஒரு கையெழுத்து. அதைப் பார்த்ததும் எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. யோசிக்கவே இல்லை. முத்திரை வாங்கி, நாலு அம்பத்தஞ்சுக்கு ஏத்தி விட்டேன். கடைக்காரருக்கும் சேர்த்து பஜ்ஜி வாங்குனேன்.

போன வாரம் பதில் வந்துச்சு.

'ஆய்வு இருவராலும் கூட்டாகச் செய்யப்பட்டது எனத் தங்கள் தந்தையார் எழுத்துமூலம் தெரிவித்துள்ளார். எனவே மொத்தம் ஏழில் தங்கள் பங்கு மூன்றரை. அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கவும்.'

மூன்றரை! உலகத்துலயே அரை ஹெச்-இண்டெக்ஸ் வெச்சிருக்குற விஞ்ஞானி நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

எரிச்சலோட அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன்.

"செரி கண்ணு, மிச்ச மூணரை எம் பேர்லதான இருக்குது? நான் எப்ப விண்ணப்பம் போடோணும்?"