கல்வெட்டுக்காரரின் கால்ராசி

கார்த்திகை பிறந்தும் ஊரில் ஒருவரும் சாகவில்லை. பஞ்சலிங்கத்துக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

முன்விறாந்தைச் சுவரில் அவன் கரியால் கீறி வைத்த பத்து வட்டங்களில் நாலுதான் காவி பூசி நிரம்பியிருந்தன. மிச்ச ஆறும் வெறுமையாகக் கிடந்தன.

பகலில் அவன் கொக்குவிலில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடையில் கிளாக்கர். பின்னேரத்தில், வீட்டில் இருந்தபடியே கல்வெட்டு எழுதுகிறவன். செத்தவரின் பெருமையையும் வீட்டாரின் புலம்பலையும் பாட்டாகக் கட்டி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் சபை நடுவே படித்து, அதையே சின்னப் புத்தகமாக அச்சடித்துக் கொடுப்பது அந்தத் தொழில்.

தொழில் தொடங்கியபோது அவனுடைய மனைவி குணலட்சுமியின் தமையன் இராசநாயகம் சிரித்தார். அவருக்குச் சொந்தமாகச் சுருட்டுக் கொட்டில் இருந்தது.

"தைப்பொங்கலுக்குள்ளை பத்துக் கல்வெட்டு எழுதிக் காட்டு மச்சான். நான் வாயே திறக்கமாட்டன். இல்லாட்டி, பின்னேரத்திலை என்ரை கொட்டிலுக்கு வந்து கணக்கைப் பார்."

பஞ்சலிங்கமும் வீறாப்பில் ஓமென்று சொல்லிவிட்டான். புகையிலை மணம் ஒழுங்கை முனையில் வந்தாலே அவனுக்குத் தும்மல் தொடங்கிவிடும். அது போகட்டும். பின்னேரங்கள் போய்விட்டால் பாட்டு எப்போது கட்டுவது, நாவல் எப்போது வாசிப்பது?

நாவல் என்றால் அவனுக்கு மொழிபெயர்ப்பு நாவல்தான். ஊரடங்குச் சட்டம் போட்ட நாள்களில் வீட்டுக்குள் படுத்துக்கொண்டு தூர தேசத்துக் கதைகளாக வாசித்துத் தள்ளியிருந்தான். குடாநாட்டின் எல்லையான ஆனையிறவைத் தாண்டி அறியாத பஞ்சலிங்கத்தின் மனம், வெண்பனி விழும் வெளிகளில் குதிரைவண்டி பூட்டித் திரிந்தது. அந்த அலைச்சல் அவனுடைய பாட்டுகளிலும் இறங்கியது. நாலாவது வட்டத்துக்கு உரியவரான வெங்காயத் தோட்டக்காரர் தம்பிராசாவை அவன் இப்படிப் பாடினான்:

வெண்பனி கொட்டும் வெளியினிலே – எமை
விட்டுப் பிரிந்தது ஏனையா
கண்ணீர் உறைந்து கிடக்குதையா – உம்
கறுப்புக் குதிரையும் தேடுதையா

அப்புவிடம் ஒரு நாம்பன் மாடுதானே நின்றது என்று தம்பிராசாவின் மகன் மெல்லக் கேட்டான். அது கற்பனை என்று பஞ்சலிங்கம் விளக்கினான். அந்தியேட்டியில் அவன் ராகம் போட்டுப் படித்தபோது, முன்வரிசையில் இருந்த வயதாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேலையிலிருந்து இளைப்பாறிய ஸ்ரேசன் மாஸ்டர் ஆழ்வாப்பிள்ளை சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். சனம் உருகிப்போனது என்று வீட்டுக்கு வந்து குணலட்சுமிக்குச் சொன்னான்.

அதோடு சரி. பிறகு ஒரு செத்தவீடும் இல்லை.

புகையிரத நிலையத்துக் கடையில் வாங்கிய, வாழ்வில் முன்னேற வழி சொல்லும் புத்தகம் ஒன்று அவனிடம் இருந்தது. இலக்கைச் சுவரில் கீறச் சொன்னதும் அதுதான். தொழில் மந்தமானால் இலக்கை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. அன்றைக்கு முருங்கையிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் சின்னாச்சி, சுவரைக் காட்டி இது என்ன கோலம் என்று கேட்டாள்.

"காவி பூசினது நாலும் போனாக்கள், ஆச்சி. மிச்ச ஆறும் பொங்கலுக்கு முதல் போகவேண்டின ஆக்கள்" என்றான் பஞ்சலிங்கம் உற்சாகமாக.

சின்னாச்சி ஒழுங்கையில் இருந்த வயதாளிகளை விரலில் எண்ணிப் பார்த்தாள். முருங்கையிலை வாங்காமலே போய்விட்டாள்.

"இஞ்சருங்கோ, உதுக்கு மேலை ஒரு கலண்டரைக் கொழுவி விடுங்கோவன்" என்று குணலட்சுமி கெஞ்சினாள். இலக்கை மறைக்கக்கூடாது என்று புத்தகத்தில் இருந்தது.

அடுத்த கிழமை சின்னாச்சி காய்ச்சலில் விழுந்தாள். வாடிக்கையாளருக்குத் தேவை வருமுன்னமே அவரைத் தேடிப் போ என்றது புத்தகம். பஞ்சலிங்கம் இரண்டு செவ்விளநீரோடு போய்க் கட்டிலடியில் உட்கார்ந்தான். பிறந்த ஊர், தகப்பன் பெயர், சின்ன வயதில் விரும்பியவை என்று பக்குவமாக விசாரித்தான். வசந்த காலத்தில் பூக்களைப் பார்த்து ஏங்கியதுண்டா என்றும் கேட்டான். சின்னாச்சி அவனையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் கிணற்றடியில் நின்று தானே தண்ணீர் அள்ளினாள்.

சரி, அது வெறும் காய்ச்சல். ஆனால் பழைய தபாற்காரர் நமசிவாயத்துக்குக் கடைசி மூச்சில் சேடமே இழுத்தது. பக்கத்தில் இருந்து சிவபுராணம் பாடிக்கொண்டிருந்தார்கள். பஞ்சலிங்கம் உள்ளே போய், பாட்டு ஓய்ந்த இடைவெளியில் குனிந்து, "ஐயா, கடிதம் கொண்டு திரிஞ்ச காலத்திலை எப்பவாவது குதிரை ஏறினனீங்களோ?" என்று கேட்டான்.

நமசிவாயம் கண்ணைத் திறந்தார். அவனைப் பார்த்தார். கஞ்சி கேட்டார்.

அன்று தொடங்கியது சனி. பஞ்சலிங்கத்துக்கு நல்ல கால்ராசி, அவன் வாசற்படி மிதித்தால் போகிற உயிர் திரும்பும் என்று சந்தையில் கதை பரவியது. கடைக்கு அரிசி வாங்க வந்தவர்கள் கூப்பன் புத்தகத்தை நீட்டிக்கொண்டே, எங்கள் மாமி இழுத்துக்கொண்டு கிடக்கிறா, ஒருக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போ என்றார்கள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? போனான். மாமி எழும்பினார். அச்சுவேலியில் தன்னை ஒருவருக்கும் தெரியாது என்று நம்பி அங்கே ஒரு கிழவரைத் தேடிப் போனான். அவரும் எழும்பி, மாட்டுக்கு வைக்கோல் போட்டார். பிறகு அச்சுவேலியிலிருந்தே ஒஸ்ரின் கார் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள்.

வீட்டில் வாழைக்குலையும் பலாப்பழமுமாக நிறைந்தன. வட்டங்கள் மட்டும் நிறையவில்லை.

"உன்னாலை ஊரிலை பிணமே விழேல்லை மச்சான்" என்று இராசநாயகம் வாழைப்பழம் உரித்தார். "பறையடிக்கிறவை என்னட்டை வந்து முறைப்பாடு சொல்லினம். கொட்டிலிலை உனக்கெண்டு ஒரு கதிரை போட்டாச்சு."

பஞ்சலிங்கம் இனி ஒரு வீட்டுக்கும் போவதில்லை என்று முடிவெடுத்தான். புத்தகத்தைக்கூட மூடி வைத்துவிட்டான். பொங்கலுக்கு முதல்நாள் காலையில், ஆழ்வாப்பிள்ளையின் மகள் கமலாவதி படலையைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள்.

"தம்பி, அப்பா கண் சொருகிப்போய்க் கிடக்கிறார். கொழும்பிலை இருந்து தம்பியாக்களும் வந்திட்டினம். நீர் ஒருக்கா வந்தால் காணும்."

பஞ்சலிங்கம் சுவரைப் பார்த்தான். ஆறு வட்டங்களை ஒரே நாளில் நிரப்ப ஏலாது. ஆனால் ஸ்ரேசன் மாஸ்டர் பெரிய மனிதர். அவருக்குக் கல்வெட்டுப் பாடினால் ஊரே பேசும், இராசநாயகம்கூடத் தவணை தருவார். பாட்டு மனதுக்குள் தானாக ஓடியது: பனி மூடிய நிலையம், விளக்குப் பிடித்தபடி ஒரு கிழவர், தூரத்தில் கூவும் ரயில். என்ன அழகான பாட்டு. போகாமல் இருந்தால் போதும்.

கமலாவதியின் கண்கள் அழுது வீங்கியிருந்தன.

"இஞ்சருங்கோ" என்றாள் குணலட்சுமி, சைக்கிளை அவன் பக்கம் உருட்டிக்கொண்டு வந்து.

அவன் சால்வையை எடுத்துப் போட்டான். ரயில் கூவிக்கொண்டு மனதை விட்டுப் போய்விட்டது. கொட்டிலில் மூக்குக்குக் கட்ட ஒரு துணி வேண்டும் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தான்.

அறை நிறையச் சனம். பஞ்சலிங்கம் கட்டிலடியில் உட்கார்ந்தான். இந்த முறை குதிரை, பனி ஒன்றையும் கேட்கவில்லை. கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஆழ்வாப்பிள்ளை ஒரு கண்ணைத் திறந்தார். அவன்தான் என்று கண்டதும் மற்றக் கண்ணையும் திறந்தார். எல்லாரையும் வெளியே போகும்படி கையைக் காட்டினார். கால்ராசியைப் பற்றிக் கிசுகிசுத்துக்கொண்டே சனம் விறாந்தைக்குப் போனது.

"மச்சான் சுருட்டுக் கொட்டிலிலை வேலை தாறன் எண்டவனாமே?" குரல் நூல்போல வந்தது.

"ஓம் ஐயா. நாளையோடை பாட்டெழுதுறதை விட்டிட்டு அங்கை போறன்."

கிழவரின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவன் கண்டதில்லை. அவனைக் கிட்டக் குனியச் சொல்லி, கன்னத்தைத் தடவினார்.

"போ மோனை, சந்தோசமாய்ப் போ, தம்பிராசாவைக் கொண்டுபோய்ப் பனிக்குள்ளை விட்டு நீ பாடின நாள் துவக்கம், எங்களிலை ஒருத்தருக்கும் கண்ணை மூடத் துணிவு வரேல்லை."