பிரேசர் டவுன் வெந்நீர்ப் படலம்

முதற்கண் குழாய்க்கு வணக்கம். திருகினால் தருவதும், திருகாவிடினும் ஒழுகுவதும், நினைத்தபோது இருமுவதும், எவர் கெஞ்சினும் தன் மனத்தைத் திறந்து காட்டாததுமாகிய அந்த வெள்ளிமூக்குத் தெய்வம் இக்கதையை இடையூறின்றிக் காக்கட்டும். அடுத்து நம் தலைவருக்கு வணக்கம். செய்யாற்றுச் செம்மல், கடைத்தெருக் காவலர், அரையங்குலக் குழாய்க்கும் முக்காலங்குலக் குழாய்க்கும் தனிப்பெரும் அதிபதி, வாஷர் கேட்டு வந்தவன் தலையில் வால்வையும் சேர்த்துக் கட்டியனுப்பும் சொல்வன்மைச் சிங்கம், ஹார்டுவேர் கடை மதலைமுத்து வாழ்க! அவர் கொற்றம் வாழ்க, அவர் தோளில் கிடந்த மஞ்சள் துண்டும் வாழ்க! பெங்களூரை யார் தயவுமின்றித் தாமே சுற்றிப் பார்ப்பதென்று சூளுரைத்து, துணைவி அல்போன்சாவோடு ரயிலேறி வந்து, பிரேசர் டவுனில் வாடகை குறைந்த லாட்ஜ் ஒன்றில் அவர் பாசறை அமைத்திருந்தார்.

யார் தயவுமின்றி என்றால் யார் தயவு என்று கேட்பீர்கள். லிங்கராஜபுரத்தில் அல்போன்சாவின் அண்ணன் டெரிக் இருக்கிறார். தங்கமான மனிதர், தொல்லையே அதுதான். போன தடவை அவர் வீட்டில் தங்கியபோது, அன்பென்னும் கயிற்றால் இருவரையும் கட்டி, காரென்னும் கூண்டில் ஏற்றி, ஹொசகோட்டையில் தாம் வாங்கிப்போட்டிருந்த மனையைக் காட்டினார். அதன் நான்கு மூலைக் கல்லையும் தனித்தனியே காட்டினார். பிறகு ஒரு மாலுக்குக் கூட்டிப்போய் எஸ்கலேட்டரில் ஏற்றி, எஸ்கலேட்டரில் இறக்கி, பெங்களூர் எப்படி என்று கேட்டார். மறுநாளும் அதே மால்தான். மச்சான் முகத்துக்கு முன்னால் வேண்டாமென்று சொல்ல முடியுமா? மதலைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு பிரமாதம் என்றார்.

ஆகவே இம்முறை லாட்ஜ். வந்த முதல் நாள் இருவரும் பஸ் பாஸ் வாங்கினார்கள். லால்பாக்கில் கால் போன போக்கில் நடந்தார்கள், கண்ணாடி மாளிகை முன்னால் உட்கார்ந்து வேகவைத்த கடலையைத் தோலுரித்துத் தின்றார்கள், சிவாஜிநகர் மாதா கோவிலில் அல்போன்சா எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் முழங்காலிட்டிருக்க, வெளியே ஹார்ன் அடித்து யாரும் கூப்பிடவில்லை. நம் தலைவருக்கு அன்று வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. இதை அவர் வாய்விட்டே சொன்னார், அல்போன்சா முறைத்தாள்.

ஆனால் அன்று விடியலிலேயே விதி குழாய்க்குள் புகுந்திருந்ததை அவர் மறந்துவிட்டார். லாட்ஜ்க்காரர்கள் வாக்களித்த வெந்நீர் அவர் அறைக்கு வரவேயில்லை. பக்கெட் பக்கெட்டாக ஓடவிட்டும் பனிக்கட்டிக்குப் பங்காளியான தண்ணீரே வந்தது. அதில் குளித்த அல்போன்சா பகலெல்லாம் தும்மினாள். அன்றிரவு படுக்கப்போகுமுன் அவள் ஆணையிட்டாள்.

“நாளைக்கும் சுடுதண்ணி வரலன்னா அண்ணன் வீட்டுக்குப் போயிடலாங்க. என்னால முடியாது.”

கேட்டீர்களா! ஒரு பக்கெட் வெந்நீர். அதன் விளிம்பில் தொங்குகிறது ஒரு மாவீரரின் விடுதலை. கப்பன் பார்க் பார்க்கவேண்டும், மியூசியம் பார்க்கவேண்டும், இன்னும் மூன்று நாள் பாக்கி இருக்கிறது. மதலைமுத்து கீழே இறங்கிப்போய் மேனேஜர் மைக்கேல்ராஜைப் பிடித்து உலுக்கினார். அந்த மனிதர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே மறைபொருளை விளக்கினார்.

“சோலார் தண்ணி சார் அது. மொதல்ல பைப்புல நிக்கிறதெல்லாம் ஓடணும், ஆமேலதான் சூடா வரும். உங்களுக்கும் இருநூத்தி நாலுக்கும் ஒரே பைப்பு.”

பைப்புக்குள்ளேயே பிறந்து வளர்ந்த அறிவு பளிச்சென்று விழித்துக்கொண்டது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் ஒன்று; அதன் வாய்கள் இரண்டு. எவன் முதலில் திறக்கிறானோ அவன் தலையில் பச்சைத் தண்ணீர்; எவன் பின்னால் திறக்கிறானோ அவனுக்கு வெந்நீர். காலையில் இவர் முட்டாள்தனமாய்ப் பொழுது விடியுமுன்னே திறந்து ஓடவிட, அடுத்த அறைக்காரன் ஆற அமர எழுந்து, பாட்டுப் பாடிக்கொண்டே ஆவி பறக்கக் குளித்திருக்கிறான். வராந்தாவில் எதிர்ப்பட்ட அந்தக் குண்டு ஆசாமி, பனியனுக்குள்ளிருந்து புகை கிளம்ப, குட்மார்னிங் வேறு சொன்னானே! தம் உழைப்பைத் தோள்மேல் ஊற்றிக்கொண்டு போன அந்தப் பகைவனை நினைத்து நம் தலைவர் மீசை துடித்தது. நாளை எவன் முந்துகிறானென்று பார்ப்போம் என்றல்ல, எவன் பிந்துகிறானென்று பார்ப்போம் என்று உலகில் எந்த வீரனும் எடுக்காத சபதத்தை அவர் எடுத்தார்.

பொழுது விடிந்தது. துண்டைத் தலையில் வாகையெனச் சூடி, குளியலறைக் கோட்டைக்குள் புகுந்து தாழிட்டு, பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் அரியணை கொண்டு, இடக்காதைக் குழாயில் பதித்து, வலக்கையைத் திருகின்மேல் வைத்து, எதிரி திறக்கும் ஓசைக்காக மதலைமுத்து காத்திருந்தார். அப்பக்கம் அரவமே இல்லை. ஆகா, கள்ளன்! அவனும் இவ்வாறே பக்கெட்மேல் அமர்ந்து, இவ்வாறே காது வைத்துக் காத்திருக்கிறான் என்று நம் தலைவர் கண்டுகொண்டார். சுவருக்கு இப்புறம் ஒரு மலை, அப்புறம் ஒரு மலை. நடுவே பச்சைத் தண்ணீர். ஒருமுறை குழாய்க்குள் களுக்கென்று ஒரு சத்தம். அது போலி முழக்கம், தம்மை ஏய்க்க எதிரி வீசிய வலை என்று தெளிந்து, திருகிலிருந்த விரலைக்கூட அசைக்காமல் மூச்சடக்கி வென்றார். பகைவனே ஆயினும் அவன் பொறுமையை மெச்சத்தான் வேண்டும் என்று மனசார மெச்சவும் செய்தார்.

வெளியே அல்போன்சா கதவைத் தட்டினாள். வந்துவிட்டதா என்று கேட்டாள். வரும் என்று முழங்கினார் தலைவர். மறுபடி தட்டி, உள்ளே என்னதான் செய்கிறீர்கள் என்றாள். இதெல்லாம் உனக்குப் புரியாது, பைப்பு விஷயம், இன்றைக்கு உன்னை வெந்நீரில் குளிக்க வைக்காவிட்டால் என் பெயர் மதலைமுத்து இல்லை என்று தாழ்ப்பாளுக்குள்ளிருந்து பிரகடனம் எழுந்தது. அதன்பின் அவள் தட்டவில்லை. வீரரின் இடக்கால் மரத்துப்போயிற்று, காதில் குழாயின் வட்டம் பதிந்துவிட்டது, இட்லிக்கடை வாசனை ஜன்னல் வழியாக வந்து அவரைச் சரணடையச் சொன்னது. அவர் சரணடையவில்லை.

அப்போது கேட்டது! சுவருக்கு அப்பால் திருகு கிரீச்சிட, குழாய் அதிர, சோவென்று கொட்டியது தண்ணீர். எதிரி தோற்றான்! பச்சைத் தண்ணீரின் முதல் பெருக்கு அவன் தலையில் விழ, அப்புறத்திலிருந்து ஐயோ என்பதுபோல் மெல்லியதாய் ஒரு குரலும், தொடர்ந்து ஒரு தும்மலும் கேட்டன. தும்மடா, நன்றாகத் தும்மு என்று கறுவினார் நம் தலைவர். ஒரு சொம்பு, இரண்டு சொம்பு, பத்துச் சொம்பு. எதிரியைக் கடைசிச் சொட்டுவரை குளிக்கவிட்டு, அவன் மூடிய அக்கணமே, கவிழ்ந்த பக்கெட்டை நிமிர்த்தித் தம் திருகைத் திறந்தார். வந்ததே வெந்நீர்! கை வைக்க முடியாத சூடு. ஆவி எழுந்து கண்ணாடியை மூடியது, கூரையைத் தொட்டது, நெகிழ்ந்துபோன தலைவரின் கண்ணையும் நனைத்தது. நிறைந்த பக்கெட்டை இரு கைகளாலும் ஏந்தி, தாழ் நீக்கி, அல்போன்சா என்று லாட்ஜே அதிர அழைத்தார்.

அறையில் அவள் இல்லை. வராந்தாக் கதவு திறந்தது. ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உதடு நீலம் பாரிக்க, சோப்பு டப்பாவோடு உள்ளே வந்தாள் அல்போன்சா.

“பக்கத்து ரூம்காரங்க விடியக்காலையிலயே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களாம். மேனேஜர் சாவி குடுத்தாரு, அங்கயே குளிச்சிட்டேன்” என்றாள். பிறகு தும்மினாள். “ஐஸ் மாதிரி தண்ணிங்க. நீங்க அதுல குளிங்க, அண்ணனுக்கு லொகேஷன் அனுப்பிட்டேன்.”

மத்தியானம் டெரிக் வந்து இரண்டு பேரையும் மாலுக்குக் கூட்டிப்போனார்.