உப்பளத்தில் எடுத்த பாடி

அன்பர்களே, ஒரு கேள்வி. உங்களுக்கு நிழல் கொடுத்த ஒன்று வெயிலில் நின்று இற்றுப்போவதைப் பார்த்தும், பார்க்காதவர்போல எத்தனை முறை கடந்து போயிருக்கிறீர்கள்?

நெஞ்சில் கைவைத்து யோசியுங்கள். அதற்குள் நான் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

வேலை எளிது. ஒரு பழைய ரயில் பெட்டியைக் கூப்பிடு தூரத்துக்கு நகர்த்தி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

மரக்காணத்துக்கு ரயில் கிடையாது. ஆனால் ரயில் பெட்டி உண்டு! சரக்கு ரயிலின் வாலில் கார்டு உட்கார்ந்து வருவாரே, அந்தப் பெட்டி. உப்பள முதலாளி ஏகாம்பரத்தின் தகப்பனார் எந்தக் காலத்திலோ அதை ஏலத்தில் எடுத்துச் சக்கரங்களைக் கழற்றி விற்றார். மிச்சத்தை உப்பள வரப்பில் இறக்கி வைத்தார்.

கண்ணுக்கெட்டிய வரை வெள்ளைப் பாத்திகள். ஒரு செடிகூட முளைக்காத மண். உப்பு வாரும் பெண்கள் சோறு உண்பதும், சேலை மாற்றுவதும், உப்பில் வெந்த காலை நீட்டி உட்கார்வதும் அந்தப் பெட்டிக்குள்தான்.

அதைத்தான் ஏகாம்பரம் காயலான் கடைக்கு விற்றுவிட்டார். வரப்பை அகலமாக்கி லாரி விட வேண்டுமாம்.

உப்பு வாரும் பெண்களில் வாயுள்ளவரான அஞ்சலை என்னிடம் வந்தார்.

"ஏன் சார், ஊருக்கெல்லாம் புத்தி சொல்றீங்களே, எங்க மொதலாளிக்குக் கொஞ்சம் சொல்லக் கூடாதா? அந்தப் பொட்டி போச்சுன்னா நாங்க எங்க போயி துணி மாத்துறது? பாத்தி நடுவுலயா?"

புத்தி சொல்ல என்னை இரண்டாம் முறை அழைக்க வேண்டியதில்லை. உடனே புறப்பட்டேன்.

"ஏகாம்பரம், ஓர் ஊரில் ஒரு கிழ எருது இருந்தது..."

"சார், கதை வேணாம். வேலை கெடக்குது."

"அந்த எருது ஒருநாள் தன் எஜமானனைப் பார்த்து..."

"பொட்டிய நீங்களே எடுத்துக்கோங்க சார்! ரோட்டோரம் என் மேட்டுலயே வெச்சுக்கோங்க. கதைய மட்டும் நிறுத்துங்க. நீங்க நகத்திட்டீங்கன்னா காயலான் கடைக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா நாளைக்குக் காலையில அவரு கட்டரோட வந்துடுவாரு. அதுக்குள்ள நகத்தலைன்னா வெட்டிடுவாரு, சொல்லிட்டேன்."

என் கதைகளின் ஆற்றல் அப்படிப்பட்டது. முடிவதற்கு முன்பே பலன் தந்துவிடும்.

அருகில் நின்ற லாரி டிரைவர் எனக்கொரு சொல்லையும் கற்றுக்கொடுத்தார். "சக்கரம் கழண்டுச்சுன்னா அது பொட்டி இல்ல சார். பாடி."

ஒரு தொழிலுக்கு உரிய சொல்லை அந்தத் தொழிலில் உள்ளவர்போலவே சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் கொள்கை. கொள்கையுள்ள மனிதனுக்கு வரும் துன்பங்கள் எனக்கும் வந்தன.

வரப்பில் நின்றபடியே கோதண்டத்துக்குப் போன் செய்தேன். கல்யாணமோ கான்கிரீட்டோ, எதற்கும் ஆள் கொண்டுவந்து இறக்கும் மேஸ்திரி அவர். கடற்காற்று காதைப் பிய்த்தது.

"கோதண்டம், நாளைக்குக் காலையில உப்பளத்துல பாடி எடுக்கணும். ஆள் வேணும்."

"ஐயையோ! எப்ப சார் ஆச்சு?"

"அது ஆகி எவ்வளவோ காலமாச்சு. வரப்புல கெடந்து உப்பு அரிக்குது. ஒருத்தரும் கண்டுக்கல."

"அடப் பாவமே! நம்ம ஊரு ஆளா சார்?"

காற்றில் 'ஊரு ஆளா' என்றது எனக்கு 'ஊரா' என்று மட்டும் கேட்டது. "இல்லப்பா, வெளியூர். ரயில்ல வந்தது. கீழ்ப்பக்கம் மட்டும் இல்ல. கழட்டி வித்துட்டாங்க."

மறுமுனையில் கோதண்டம் உச்சுக்கொட்டினார். பிறகு, "கலி முத்திப் போச்சு சார்" என்றார்.

"மிச்சத்தையும் நாளைக்கு வெட்டறதா இருந்தாங்க. நான்தான் கெஞ்சி, முழுசா குடுங்கன்னு வாங்கியிருக்கேன். உழைச்ச உடம்பு, கோதண்டம்! மரியாதையா, ஊரே திரண்டு எடுக்கணும்!"

"வுடுங்க சார். ஒரு கொறையும் வெக்காம எடுத்துடலாம்."

அவர் குரல் தழுதழுத்தது. பழம்பொருள்மீது இவ்வளவு பற்றா என்று எனக்கும் கண் கலங்கியது. முக்கியமாக ஒரு கிரேன் வேண்டும் என்று கத்திச் சொன்னேன். அதைக் காற்று கொண்டுபோய்விட்டது.

காலையில் கிரேன் வரவில்லை.

பூ ஜோடித்த வண்டி வந்தது. அதன் முன்னால் மேளம், பின்னால் வாடகை ஐஸ் பெட்டி, அதற்கும் பின்னால் ஊர்! நடுவில் இருவர் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரைப் பிடித்து வந்தார்கள். 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே புன்னகையோடு ஒரு முகம்.

என் முகம்!

ஒப்பாரி வைத்துக்கொண்டே முன்னால் வந்த அம்மாள், என்னைக் கண்டதும் பாட்டை நிறுத்திவிட்டு அலறினார். "யோவ் கோதண்டம், பாடி எந்திரிச்சு நிக்குது பாருய்யா!"

"கோதண்டம், என்ன இது?"

"செத்தவர் படம் இல்லன்னேன் சார். பேனர் கடைக்காரன், போன் பண்ணவர் படமாவது குடுன்னான். 'வருந்தும்'னு கீழ சின்னதா போடச் சொன்னேன். அவன் பெருசா போட்டுட்டான். சரி, பாடி எங்க சார்?"

நான் ரயில் பெட்டியைக் காட்டினேன்.

கோதண்டம் பெட்டியைப் பார்த்தார். மேளத்தைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுதும் அளவுக்கு என் தமிழ் இன்னும் வளரவில்லை.

"இவ்ளோ பெரிய மாலை வாங்கியாந்துட்டேன் சார். சாவு மாலைய கடையில திருப்பி வாங்க மாட்டான். வூட்டுக்கும் எடுத்துட்டுப் போவக் கூடாது."

எல்லாக் கண்களும் மெல்ல என் கழுத்துக்குத் திரும்பின. நான் இரண்டடி பின்வாங்கினேன்.

அஞ்சலை சிரிப்பை அடக்க முடியாமல் மாலையை வாங்கி, பெட்டியின் கதவில் மாட்டினார். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். வந்த மேளம் சும்மா இருக்குமா? அடித்தது. ஒப்பாரி அம்மாளும் கூலிக்கு வஞ்சகம் செய்யவில்லை. "காலிழந்து நின்னியே ராசா" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டார்.

அந்த நேரத்தில் காயலான் கடைக்காரர் கட்டரும் கிரேன் லாரியுமாக வந்து இறங்கினார். கூட்டத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

நான் முன்னால் போனேன். "ஐயா, ஓர் ஊரில் ஒரு கிழ எருது..."

"சார், கொஞ்சம் நவுருங்க" என்றார் அஞ்சலை. "அண்ணே, மாலை போட்டு கற்பூரம் காட்டியாச்சு. வெட்றதுன்னா வெட்டு."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம்மா. மாலை வாங்கின பாடியில கட்டர் வெச்சா என் தொழில் வெளங்காது. எங்க வெக்கணும்னு சொல்லுங்க, தூக்கி வெச்சுட்டுப் போய்க்கிட்டே இருக்கேன்."

அப்படித்தான் பெட்டி கிளம்பியது. முன்னால் மேளம், வழியெல்லாம் பூ, அந்தரத்தில் பெட்டி! தண்டவாளத்தில் ஓடிய நாளில்கூட அதை இப்படி யாரும் வழியனுப்பியிருக்க மாட்டார்கள்.

அன்பர்களே, சிரித்தது போதும். இத்தனை ஆண்டுகளாக அந்தப் பெட்டிக்கு ஒரு டப்பா பெயின்ட் தராத ஊர் இது. பிணம் என்றதும் மேளத்தோடு வந்தது. நிற்கும்போது தாங்காத கைகள், விழுந்தபின் தோள்கொடுக்க ஓடிவருகின்றன. இது பெட்டிக்கு மட்டுமா பொருந்தும்?

பெட்டி இப்போது ரோட்டோர மேட்டில் இருக்கிறது. ஆனால் கிரேன் சங்கிலி இழுத்ததில் துருப்பிடித்த கூரையில் ஆளுயர ஓட்டை. அஞ்சலை அந்தப் பேனரை எடுத்து அதன்மேல் இழுத்துக் கட்டிவிட்டார். "நல்ல கெட்டி ஃப்ளெக்ஸ் சார், வீணாக்கலாமா?"

ஆகவே நான் வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி படுத்திருக்கிறேன். எனக்குக் கீழே சோறு உண்கிறார்கள்.

கடல் பக்கம் மேகம் கறுக்கிறது. ஒரு மழைக்கு நான் தாங்க மாட்டேன். நாளை என்று சொல்லாதீர்கள். தகர ஷீட்டோ, பெயின்ட்டோ, நாலு ஆணியோ, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இன்று மாலைக்குள் உப்பளத்து மேட்டுக்கு வந்து சேருங்கள்.

மாலை மட்டும் வேண்டாம்.